பனிக்காலத்தில் பந்து உதைத்த கதை

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மகளுக்கு வேலை என்றபடியால் பேரனை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஸ்காபரோவின் வடக்குப் பக்கம் நிற்கும் ஒரு பெரிய வெள்ளைக் குமிழி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு. சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் காது ஒருமுறை அடைத்துத் திறந்தது. பேரனுக்கு ஒன்பது வயது. அவன் மேலே அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்:

"அம்மப்பா, தூண் ஒண்டும் இல்லை. இந்தக் கூரையை ஆர் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்?"

"காத்துத்தான் ராசா" என்றேன். அவன் நம்பினானோ தெரியாது. சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டான்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் இப்படியான இடங்களில், மடக்குக் கதிரையில், ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியைக் கையில் பொத்திப் பிடித்துக்கொண்டு எத்தனையோ மாரிகளைக் கழித்தவர்கள். நானும் அப்படித்தான். ஆனால் எனக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. 1990 முதல் 2016இல் ஓய்வு பெறும் வரை 26 வருடம் நான் பாடசாலைக் கட்டடப் பராமரிப்பு வேலை செய்தவன். அதில் பெரும்பகுதி பின்னேர வேலை. என் வீட்டுத் தரையைவிடப் பாடசாலை ஜிம் தரையை எனக்கு நன்றாகத் தெரியும். பேரன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தேடப் போய்ப் பழைய நினைவுகளும் சேர்ந்து வந்துவிட்டன.

நான் இளவாலைப் பக்கம். புனித ஹென்றியரசர் கல்லூரியின் உதைபந்தாட்டம் பற்றி ஊரில் கேட்டால் இன்றைக்கும் விடிய விடியக் கதைப்பார்கள். எங்களுக்கு வெறுங்கால், தோல் பந்து, பனையோலை வேலிக்கு நடுவே ஒரு வெறும் காணி. மாரி வந்தால் மழை. மழையிலே பந்து நனைந்து கல்லுப்போலக் கனக்கும். தலையால் அடித்தவனுக்கு இரவு முழுக்கத் தலையிடி. ஆனாலும் யாரும் விளையாட்டை நிறுத்தியதில்லை. சேறு என்றால் சேற்றில் விளையாடினோம். உதைபந்தாட்டத்துக்குக் கூரை வேண்டும் என்று ஒருவன் அந்தக் காலத்தில் சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

1987இல் இங்கு வந்தபிறகுதான் மாரி என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம் விளங்கியது. மார்கழியில் பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்னரே இருட்டு. ஐப்பசியில் பூட்டும் மைதானங்களை நகரசபை வைகாசியில்தான் திறக்கும். ஒரு பிள்ளைக்கு வருடத்தில் அரைவாசி போய்விடும். பத்து வயதில் ஆறு மாதம் என்பது பெரிய காலம். ஹொக்கி விளையாடலாம்தான். ஆனால் கவசம், தடி, சறுக்குச் சப்பாத்து, விடியற்காலை ஐந்தரைக்கு ஐஸ் அரங்கு, அங்கே போக ஒரு கார் எல்லாம் வேண்டும். பேஸ்மென்றில் குடியிருந்து இரண்டு வேலை செய்த எங்களில் எத்தனை பேரால் முடிந்தது?

பனிக்காலத்தில் பிள்ளைகளை என்ன செய்வது என்பது இந்த நாட்டுக்குப் பழைய கேள்வி. அதற்கு ஒரு விடை கண்டவர் எங்கள் ஒன்ராறியோக்காரர்தான். ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் அல்மொன்ற் என்ற ஊரில் 1861இல் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர். 1891ஆம் ஆண்டு மாரியில் அவர் கையில் 18 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கொடுத்தார்கள். வெளியே விளையாட முடியாது, உள்ளே உடற்பயிற்சி செய்து அலுத்துப்போய்க் குழப்படி செய்யும் இளைஞர்கள். இரண்டு கிழமைக்குள் உள்ளே விளையாட ஏதாவது கண்டுபிடி என்பது மேலதிகாரி லூதர் குலிக்கின் கட்டளை.

பலருக்குத் தெரியாத சங்கதி என்னவென்றால், நெய்ஸ்மித் முதலில் முயன்று பார்த்த ஆட்டங்களில் எங்கள் உதைபந்தாட்டமும் ஒன்று. ஜிம்முக்குள் பந்தை உதைக்க விட்டார். சரிவரவில்லை. மெல்லிய சப்பாத்தோடு ஒருவரை ஒருவர் உதைத்து நொண்டியதுதான் மிச்சம். காலால் உதைப்பதும், ஓடி மோதுவதும் உள்ளே ஆபத்து என்று கண்டு, பந்தைக் கையால் எறிந்து உயரத்தில் கட்டிய பீச் பழக்கூடைக்குள் போடும் ஆட்டத்தைப் 13 விதிகளோடு எழுதினார். அப்படிப் பிறந்தது கூடைப்பந்து. உள்ளே உதைபந்தாட்டம் விளையாட முடியாமல் போனதால் வந்த ஆட்டம் அது என்றும் சொல்லலாம்.

அதற்குப் பின் 39 வருடம். இப்போது தென்னமெரிக்காவில் உருகுவே நாட்டின் மொன்ரிவீடியோ நகரம். 1924, 1928 ஒலிம்பிக் தங்கம், 1930இல் முதலாவது உலகக் கிண்ணம், எல்லாம் உருகுவேக்குத்தான். அந்த உலகக் கிண்ண இறுதிப் போட்டி நடந்தது ஆடி மாதம் 30ஆம் திகதி. பூமியின் அந்தப் பக்கத்தில் அது மாரிகாலம். ஊரெல்லாம் பந்துப் பைத்தியம், ஆனால் எல்லாச் சிறுவர்களுக்கும் போதுமான மைதானம் இல்லை. பெடியள் கூடைப்பந்துத் தளங்களில் பந்து உதைக்கத் தொடங்கியிருந்தார்கள். அங்கிருந்த வை.எம்.சி.ஏ.யில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதைத் தடுக்கவில்லை. அதற்கு விதி எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், 40 நிமிடம் என்பதைக் கூடைப்பந்திலிருந்து எடுத்தார். கோல் காப்பாளருக்கான விதிகளை வாட்டர் போலோவிலிருந்து எடுத்தார். நெய்ஸ்மித் உதைபந்தைக் கைவிட்டுக் கூடைப்பந்தைச் செய்தார். செரியானி அந்தக் கூடைப்பந்தை வைத்தே உதைபந்தை உள்ளே கொண்டுவந்தார். இரண்டும் நடந்தது வை.எம்.சி.ஏ. ஜிம்மில்.

இன்று ஃபுட்சால் என்று சொல்வது இதன் பிள்ளைதான். முக்கியமான வித்தியாசம் பந்தில். ஃபுட்சால் பந்து சிறியது, துள்ளாது. இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்ரிமீற்றர்தான் எழும்ப வேண்டும் என்பது விதி. துள்ளாத பந்து காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், பிள்ளையும் பந்தைக் காலில் வைத்து விளையாடப் பழகும். பெலே உட்படப் பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர் பலர் சிறுவயதில் இதை விளையாடி வளர்ந்தவர்கள். 1989இல் நெதர்லாந்தில் ஃபிஃபாவின் முதல் ஃபுட்சால் உலகக் கிண்ணம் நடந்தபோது பிரேசில்தான் வென்றது. அந்தப் 16 நாடுகளில் கனடாவும் ஒன்று என்று சொன்னால் இங்கே பிறந்த பெடியளே நம்புவதில்லை.

எங்கள் பாடசாலை ஜிம்மில் 90களின் தொடக்கத்தில் விளையாடியது ஃபுட்சாலும் இல்லை, முழு உதைபந்தாட்டமும் இல்லை. ரென்னிஸ் பந்துபோல மஞ்சள் ரோமம் போர்த்த ஒரு பந்து இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் பட்டால் பெரிய சத்தம் வராது, முகத்தில் பட்டாலும் அவ்வளவு நோகாது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குச் சிறுவர், ஏழரையிலிருந்து ஒன்பது வரை பதின்ம வயதினர். நடத்தியவர் ஊரில் ஆசிரியராக இருந்த ஒருவர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றுதான் கூப்பிட்டோம். பகலில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிவிட்டு, பின்னேரம் கழுத்தில் விசிலோடு வருவார். தமிழ்ப் பிள்ளைகள் பாதி. மிச்சம் கயானா, ஜமேக்கா, சோமாலியா, பிலிப்பீன்ஸ். வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை வாங்குவார், இல்லாத வீட்டுப் பிள்ளையிடம் கேட்கவே மாட்டார்.

எனக்கும் அவருக்கும் ஒரேயொரு சண்டைதான், சப்பாத்து அடியைப் பற்றி. கறுப்பு அடியுள்ள சப்பாத்தோடு ஓடினால் மேப்பிள் பலகைத் தரையில் கோடு கோடாகக் கறுப்பு விழும். நான் பழைய ரென்னிஸ் பந்தில் ஓட்டை போட்டுத் தும்புத்தடி நுனியில் செருகி, ஒவ்வொரு கோடாகத் தேய்ப்பேன். இந்த வேலை செய்தவர்களுக்கு அந்தப் புதினம் தெரியும். வெள்ளி இரவு பதினொரு மணிக்கு ஆளில்லாத ஜிம்மில் கோடு அழிக்கும்போது எரிச்சல் வரும். ஆனால் எந்தக் கோடு எந்தப் பெடியன் திரும்பிய இடம் என்று கூடச் சொல்லும் அளவுக்கு எனக்கு அவர்களின் ஆட்டம் பாடமாகியிருந்தது.

என் மகளும் அங்கேதான் தொடங்கினாள். பத்து வயதில் ஒருநாள் என்னோடு வந்தவள் பந்தை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்றுவிட்டாள். மனைவிக்கு விருப்பமில்லை. "பொம்பிளைப் பிள்ளை பந்தடிக்கிறதோ? ஊரில ஆரும் கேட்டால் என்ன சொல்றது?" என்றாள். அதே ஊரில் இன்று தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணி நாடு முழுக்கப் பேர் எடுத்து நிற்கிறது. காலம் எங்களை இப்படித்தான் முந்திக்கொண்டு போகிறது.

வெளியாட்களுக்கு இந்த ஜிம் நேரத்தின் பெறுமதி விளங்காது. அது எங்கள் இளைஞர்களில் சிலர் குழுச் சண்டைகளில் மாட்டிக்கொண்ட காலம். பத்திரிகையில் தமிழ்ப் பெயர் வந்தால் பெற்றோருக்கு நெஞ்சு இடிக்கும். வெள்ளி இரவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை பிள்ளை எங்கே நிற்கிறான் என்று தெரிந்திருப்பது சின்ன விடயம் இல்லை.

அதே காலத்தில் பக்கத்து நகரசபை அரங்குகளில் இன்னொரு வகை ஆட்டமும் நடந்தது. ஐஸ் இல்லாத ஹொக்கி அரங்கில் செயற்கைப் புல்லை விரித்து, சுற்றியுள்ள பலகைச் சுவரில் பந்தை மோதவிட்டு விளையாடுவது. பந்து வெளியே போகாது, விசிலும் குறைவு. இதைப் பிரபலமாக்கியது ஒரு சோவியத் அணி. 1974 மாசி மாதம் மொஸ்கோவின் செஞ்சேனை அணி இங்கே வந்து வட அமெரிக்க அணிகளோடு உள்ளரங்கில் விளையாடியது. எங்கள் மேப்பிள் லீஃப் கார்டன்ஸிலும் ஓர் ஆட்டம் நடந்தது. பிலடெல்பியாவில் 6–3 என்று வென்றதைப் பார்க்க 11,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். மாரியில் உதைபந்தாட்டத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று முதலாளிமார் கணக்குப் போட்டார்கள். 1978இல் தொழில்முறை உள்ளக உதைபந்தாட்ட லீக் ஒன்று அமெரிக்காவில் தொடங்கியது. பெரியவர்களின் அந்த லீக் 1992இல் படுத்துவிட்டது. பலகைச் சுவர் ஆட்டம் மட்டும் பிள்ளைகளிடம் தங்கிவிட்டது. எனக்கென்னவோ அது அவ்வளவு பிடிப்பதில்லை. சுவர் பந்தைத் திருப்பித் தருவதால் பிள்ளை தலையை நிமிர்த்திப் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கப் பழகமாட்டான் என்பது என் கருத்து. மாஸ்ரரும் இதைத்தான் சொல்வார்.

1998 தை முதலாம் திகதி ஸ்காபரோ தனி நகரமாக இல்லாமல் போய் ரொறன்ரோவோடு சேர்ந்தது. கல்விச் சபைகளும் ஒன்றாக்கப்பட்டன. அதே வருடம் மாகாணம் பாடசாலைகளுக்குக் காசு கொடுக்கும் முறையையும் மாற்றியது. முந்திக் கல்விச் சபைகள் தாங்களே வரி வைத்துச் சேர்த்துக்கொள்ளும். புதிய முறையில் பிள்ளைக்கு இவ்வளவு, கட்டடத்துக்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று மாகாணம்தான் அளந்து கொடுத்தது. அந்தக் கணக்கில் பகல் வகுப்பு இருந்தது. வெள்ளி இரவு வந்துபோகும் அயலாருக்கு அதில் இடம் இருக்கவில்லை. ஜிம்மைச் சூடாக்கும் செலவு, விளக்குச் செலவு, என்னைப் போன்றவனின் சம்பளம் எல்லாவற்றையும் வாடகைக்கு எடுப்பவர்களிடமே வாங்க வேண்டிய நிலை. மாகாணம் முழுக்க இப்படி ஜிம்கள் இரவில் இருண்டன. இளைஞர் குழுக்கள், சாரணர்கள், முதியோர் கரப்பந்தாட்டக்காரர் எல்லோருக்கும் இதே கதிதான்.

மாஸ்ரருக்கு வந்த புதிய விண்ணப்பப் படிவத்தை அவர் எனக்குக் காட்டினார். தொகையை நான் இங்கே எழுதவில்லை, சரியாக நினைவில்லாததை எழுதுவது பிழை. அவர் பெற்றோரிடமிருந்து ஒரு வருடம் முழுக்கச் சேர்ப்பதைவிட அது பல மடங்கு என்பது மட்டும் நினைவு. "அண்ணை, இதைக் கட்டுறதெண்டால் காசுள்ள வீட்டுப் பிள்ளையளைத்தான் சேர்க்கலாம். அப்ப நான் எதுக்கு?" என்றார். படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

பெடியளுக்கு இந்தக் கணக்கு தெரியாது. கார்த்திகை மாதத்து ஒரு வெள்ளி இரவு, ஏழரை மணி. பின் கதவில் தட்டும் சத்தம். கம்பிவலை போட்ட கண்ணாடிக்கு வெளியே பத்துப் பதினொரு பேர். ஒருவன் கையில் அந்த மஞ்சள் பந்து. மூச்சு வெள்ளையாகப் போகிறது.

"அங்கிள், இண்டைக்கு ஜிம் இல்லையோ?"

"இல்லை தம்பி. பேர்மிற் இல்லை."

"அரை மணித்தியாலம் மட்டும் அங்கிள். நாங்களே கூட்டிவிட்டுப் போறம்."

திறப்புக் கோர்வை என் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அனுமதி இல்லாத ஆளை உள்ளே விட்டால், யாராவது விழுந்து கால் முறிந்தால், காப்புறுதி இல்லை, வேலை போகும் என்று எங்களுக்கு அந்த மாதம்தான் எழுத்தில் தந்திருந்தார்கள். எனக்கு வீட்டுக் கடன், இரண்டு பிள்ளைகள், ஊரில் தாய். நான் திறக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவர்கள் போகாமல் நின்றபடியால் உள்ளே போய் ஜிம் விளக்கை அணைத்தேன், இருட்டைப் பார்த்தால் போவார்கள் என்று. போனார்கள். அன்றிரவு தரையில் அழிக்க ஒரு கோடும் இருக்கவில்லை.

மகளும் அந்த மாரியோடு பந்தை விட்டாள். அடுத்த கோடையில் அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "என்ர சிநேகிதிகள் ஒருத்தரும் இல்லை அப்பா" என்றாள். மாஸ்ரர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். 2004இல் மாகாணமே பாடசாலைகளை அயலாருக்குக் குறைந்த வாடகையில் திறந்துவிடக் கல்விச் சபைகளுக்குத் தனிக் காசு ஒதுக்கியது. எங்கள் ஜிம்மிலும் சில இரவுகளில் விளக்கு எரிந்தது. வந்தவர்கள் புதியவர்கள், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பிள்ளைகள். நான் கதவைத் திறந்துவிட்டு ஒரு மூலையில் நின்று பார்ப்பேன். பழையவர்கள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள்.

இனிப் பேரன் கேட்ட கூரைக்கு வருகிறேன். காற்று தாங்கும் குமிழியைச் செய்தவர் வோல்ட்டர் பேர்ட் என்ற பொறியியலாளர். எங்களுக்கு ஏரிக்கு அக்கரையில் உள்ள பஃபலோ நகரில், கோர்னெல் வானூர்தியியல் ஆய்வுகூடத்தில் 1948இல் முதலாவதைச் செய்தார். உதைபந்தாட்டம் அவர் கனவிலும் இல்லை. அது பனிப்போர்க் காலம். சோவியத் விமானம் வருகிறதா என்று பார்க்கும் ராடர் கருவியைக் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பாற்ற ஒரு மூடி வேண்டும். தடித்த கூரை போட்டால் ராடர் அலை குழம்பும், மெல்லிய துணியைக் காற்றால் ஊதி நிறுத்தினால் குழம்பாது. 1957இல் பேர்ட் தன் வீட்டு நீச்சல் தடாகத்தையே இப்படி மூடினார். அந்தப் படம் லைஃப் சஞ்சிகையின் அட்டையில் வந்தது. பிறகுதான் சனத்துக்கு இதை விளையாட்டிடமாகப் பாவிக்கலாம் என்று தோன்றியது.

உள்ளே காற்றமுக்கம் வெளியைவிட மிகச் சிறிதளவே கூட. ஐந்தாறு மாடி லிஃப்டில் இறங்கும்போது காதுக்குத் தெரியுமே, அவ்வளவுதான். அதற்காகத்தான் சுழல் கதவு. சாதாரணக் கதவைத் திறந்து வைத்தால் காற்று போய்விடும். காற்றூதி இரவு பகல் நிற்கக்கூடாது. பனி கூடக் கொட்டினால் கூரையைச் சூடாக்கி உருக்க வேண்டும், அல்லது வழிக்க வேண்டும். தவறினால் என்ன ஆகும் என்று 2010 மார்கழியில் மினியாபொலிஸ் பெரிய அரங்கில் பார்த்தோம். பனிப் பாரத்தில் கூரை கிழிந்து, உள்ளே வெள்ளை அருவிபோலக் கொட்டிய காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. குண்டு போடும் விமானம் மேலே சுற்றியபோது பங்கருக்குள் இருந்து வந்த சனம் நாங்கள். விமானத்தைக் கண்டுபிடிக்கச் செய்த கூரைக்குக் கீழே எங்கள் பேரப்பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று அன்றைக்கு அங்கே இருந்து யோசித்தபோது எனக்குக் கொஞ்சம் வியப்பாகத்தான் இருந்தது.

கூரையைப் போல இல்லாமல், செயற்கைப் புல் பிள்ளைகளை நினைத்தே வந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட நல்ல தரை இல்லை என்ற கவலையில் ஃபோர்ட் அறநிலையம் ஊக்கம் கொடுத்து, மொன்சான்ரோ கம்பனி செய்து, 1964இல் ரோட் ஐலண்டில் மோசஸ் பிரவுன் பாடசாலையில் முதன்முதலாக விரித்தார்கள். ஹூஸ்ரனில் ஆஸ்ரோடோம் அரங்குக்கு அது போனது 1966இல்தான். அதன் பெயரே நிலைத்துவிட்டதால் பாடசாலையை எல்லோரும் மறந்தார்கள். அந்தப் பழைய புல் கம்பளம்போல, விழுந்தால் முழங்கால் தோல் உரியும். 90களில் மொன்றியல் கம்பனியான ஃபீல்ட்ரேர்ஃப் நீளமான இழைக்கு நடுவே மணலும் பழைய ரயர் றப்பர்த் துகளும் நிரப்பிய புல்லைப் பரப்பியது. அதுதான் உங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்துக்குள்ளும், கார்க் கம்பளத்திலும், பேரப்பிள்ளையின் காலுறைக்குள்ளும் கிடக்கும் அந்தக் கறுப்பு மணி.

கூரையும் புல்லும் வந்துவிட்டால் போதுமா? ஐஸ்லாந்தைப் பாருங்கள். எங்களைவிட இருட்டான மாரி, கடல் காற்று வேறு. 2000இல் கெஃப்லவிக் என்ற ஊரில் முழு அளவு மைதானத்தைக் கூரைக்குள் கட்டினார்கள். பிறகு ஊர் ஊராகக் கட்டினார்கள். பெரும்பாலும் ஊர்ச் சபையின் காசில். ஆறு வயதுப் பிள்ளைக்கும் படித்துச் சான்றிதழ் பெற்ற பயிற்சியாளர். அந்தக் கூரைகளுக்குக் கீழே வளர்ந்த பெடியள் 2016இல் ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2–1 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். 2018இல் உலகக் கிண்ணத்துக்குப் போனார்கள், அதுவரை அங்கே போன நாடுகளில் மிகச் சிறியது அதுதான். ஏறக்குறைய மூன்று லட்சத்து முப்பதாயிரம் சனம். ஸ்காபரோவில் மட்டும் அதைவிடக் கூட.

இங்கே பெரும்பாலும் காசுதான் கதவு. நல்ல கழகம் ஒன்றில் மாரியும் கோடையும் ஒரு பிள்ளை விளையாட எவ்வளவு என்று மகளிடம் கேட்காதீர்கள், கேட்டால் எனக்கு வந்த மாதிரி உங்களுக்கும் தலைசுற்று வரும். காசில்லாத வழியால் வந்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். அல்போன்சோ டேவிஸ், கானாவில் அகதி முகாமில் பிறந்து, ஐந்து வயதில் கனடா வந்தவர். எட்மன்ரனில் பாடசாலை முடிந்தபின் ஏழைப் பிள்ளைகளுக்காக இலவசமாக நடந்த ஒரு லீக்கில்தான் அவர் கண்ணில் பட்டார். 1986இல் மெக்சிக்கோவுக்குப் போன கனடா மூன்று ஆட்டத்தில் ஒரு கோலும் அடிக்காமல் திரும்பியது. 2022இல் குரோஷியாவுக்கு எதிராக, ஆண்கள் உலகக் கிண்ணத்தில் கனடாவின் முதல் கோலை அடித்தது அந்தப் பெடியன்தான், இரண்டாவது நிமிடத்தில். அதற்கு முதல் வருடம் எட்மன்ரனில் பனிக்குவியலுக்கு நடுவே மெக்சிக்கோவை வென்றபோது, ஒரு வீரர் சந்தோசத்தில் அந்தப் பனிக்குள்ளேயே பாய்ந்து விழுந்ததைப் பார்த்துக் கத்தி, மனைவியிடம் ஏச்சு வாங்கினேன்.

அன்றைக்கு ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே ஒன்ராறியோவில் இப்போது கோல் எண்ணிப் பதிவதில்லை, ஆனால் கதிரையில் இருந்த அத்தனை பேருக்கும் எத்தனைக்கு எத்தனை என்று தெரியும். பக்கத்துக் கதிரைக்காரர் என்னைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும், தாடியில் கொஞ்சம் நரை. மகளைக் கூட்டிவந்திருந்தார்.

"அங்கிள், நீங்கள் அந்த ஸ்கூலில இருந்தனீங்கள் தானே?"

"ஓம்."

"நீங்கள்தானே எங்களுக்குக் கதவு திறக்காமல் விட்ட ஆள்?"

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. "ஓம் தம்பி, நான்தான்" என்றேன். விளக்கை அணைத்ததையும் சொன்னேன். அது வேண்டுமென்று அணைத்தது என்று அவருக்கு இவ்வளவு நாளும் தெரியாதாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிரித்தார்.

"நாங்கள் அங்கயிருந்து நேரா எங்கட பில்டிங் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்குக்குப் போனம் அங்கிள். காருகளுக்கு நடுவில, தூண்தான் கோல். அந்த வின்ரர் முழுக்க அங்கதான். பிறகு ஆரோ ஒரு கார்க் கண்ணாடியை உடைச்சுப்போட்டான். சுப்பரின்டென்டன் எங்களைக் கலைச்சுவிட்டார்."

"ஆர் உடைச்சது?"

"நான்தான்" என்றார்.

விசில் ஊதியது. பேரன் கன்னம் சிவக்க ஓடிவந்து தண்ணீர்ப் போத்தலைப் பறித்தான். அவருடைய மகளும் வந்தாள். இரண்டு பிள்ளைகளும் சப்பாத்தைக் கழற்றி, கறுப்பு மணியை எங்கள் காலடியில் கொட்டினார்கள். நான் பழக்கத்தில் காலால் அதை ஒரு பக்கமாகக் கூட்டி ஒதுக்கினேன்.